ஜெயித்தால்தான் நம்மவரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த விளையாட்டுப் படங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘சக் தே இந்தியா’ என்ற இந்தி ஹாக்கிப் படத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்ததில் மகிழ்ச்சி. ஹாக்கியைப் பற்றி எழுதுகிறவர்களே அருகிவிட்ட காலம் இது. ஆனால் கட்டுரையாளர் கடைசியில் வந்து நிற்கும் இடம் எனக்கு ஒப்பவில்லை. மைதானத்தில் இறங்கிவிட்டால் சாதி, மதம், மாநிலம் எல்லாம் கரைந்துவிடும் என்பதே படம் சொல்லும் சேதி என்கிறார். ஹாக்கியைப் பல வருடங்களாக எழும்பூர் ஸ்டேடியத்தின் காலரியில் உட்கார்ந்து பார்க்கிறவன் நான். அப்படி எதுவும் கரைந்து நான் பார்த்ததில்லை. படமும் அவ்வளவு எளிதாக அதைச் சொல்லிவிடவில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கபீர் கான் இந்திய அணியின் கேப்டன். உலகக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி பாகிஸ்தான். கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்டி ஸ்ட்ரோக்கை, அதாவது கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க அடிக்கும் வாய்ப்பை, தவறவிடுகிறார். ஆட்டம் முடிந்ததும் பாகிஸ்தான் வீரர் ஒருவரோடு கைகுலுக்குகிறார். அந்தப் புகைப்படம் போதும், மறுநாளே துரோகி. தாயை அழைத்துக்கொண்டு பிறந்து வளர்ந்த வீட்டைவிட்டே போகிறார். ஏழு வருடம் கழித்து, யாருமே சீந்தாத பெண்கள் அணிக்குக் கோச்சாக வருகிறார், கோப்பையோடு திரும்புகிறார். விரட்டிய அதே தெரு அவரை வரவேற்கிறது.

என் கேள்வி இந்த வரவேற்பைப் பற்றித்தான். அந்த ஏழு வருடத்தில் கபீர் கான் என்ன மாறினார்? எதுவும் இல்லை. போனபோது எவ்வளவு நேர்மையானவரோ, வந்தபோதும் அவ்வளவுதான். மாறியது ஆட்டத்தின் முடிவு. இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் கடைசி ஸ்ட்ரோக்கை கோல்கீப்பர் வித்யா சர்மா தடுத்ததால் அவர் தேசபக்தர் ஆனார். பந்து வலைக்குள் போயிருந்தால்? ‘அன்றைக்கே சொன்னோமே’ என்று அதே தெரு இரட்டிப்பாகத் தூற்றியிருக்கும். படத்தின் முதல் பத்து நிமிடம் அந்தத் தெருவைக் குற்றவாளியாக நிறுத்துகிறது. கடைசிப் பத்து நிமிடத்திலோ நம்மையும் அந்தத் தெருவோடு சேர்ந்து கைதட்ட வைத்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் நானும் தட்டுகிறேன், அது வேறு விஷயம்.

இதைப் படத்தின் குறை என்று மட்டும் சொல்லி ஒதுக்க மாட்டேன். நிஜத்தில் நடப்பதும் இதுதான். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 7-1 என்று தோற்றோம். பழி மொத்தமும் விழுந்தது கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகி மீது. காசு வாங்கிவிட்டான் என்றார்கள். ஏழு கோலுக்கும் முன்னால் களத்தில் வேறு பத்துப் பேர் நின்றார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நேகி இந்து. ஆக, தோல்விக்குத் துரோகி தேடுகிற வழக்கத்துக்கு மதம் கட்டாயம் இல்லை; கிடைத்தால் வசதி. 2021 டி20 கிரிக்கெட் உலகக் கோப்பையில் பாகிஸ்தானிடம் தோற்றபோது பதினோரு பேரில் முகமது ஷமியைத் தேடிப் பிடித்து வசை பாடியது அந்த வசதிக்காகத்தான்.

அதே வருடம் ஆகஸ்டில் நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தனா கட்டாரியா தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். சில நாளில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றோம். ஹரித்வார் பக்கத்தில் உள்ள அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வி என்றார்களாம். தேசிய அணி சட்டை போட்டு, நாட்டுக்காக ஹாட்ரிக் அடித்தவருக்கு இது! எது கரைந்தது? அந்த ஆட்டத்தில் ஜெயித்திருந்தால் அவர்கள் வாயை மூடிக்கொண்டு அடுத்த தோல்விக்குக் காத்திருந்திருப்பார்கள்.

கட்டுரையாளர் மெய்சிலிர்த்து எழுதியிருக்கும் அந்த அறிமுகக் காட்சிக்கு வருகிறேன். பெண்கள் வரிசையாக நின்று பெயரையும் மாநிலத்தையும் சொல்வார்கள். மாநிலப் பெயர் சொன்னவர்களை எல்லாம் கோச் வரிசையைவிட்டு வெளியே அனுப்புவார். வித்யா மட்டும் ‘இந்தியா’ என்பார். எனக்கு அந்த இடம் எப்போதும் நெருடும். மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் வைக்கச் சொல்லி 76 நாள் உண்ணாவிரதம் இருந்து 1956-ல் சங்கரலிங்கனார் உயிரைவிட்ட மண்ணில் வளர்ந்தவனுக்கு நெருடாமல் இருக்குமா? ஜார்க்கண்ட் என்று சொன்ன பெண் இந்தியாவை எங்கே விட்டுக்கொடுத்தாள்? அணிக்குள் கோஷ்டி இருக்கிறது, ஊர்க்காரிக்கு மட்டும் பந்தைத் தள்ளுகிறார்கள், அதை உடைக்க ஒரு கோச்சுக்கு இப்படி ஒரு அதிர்ச்சி வைத்தியம் தேவைப்படலாம். சரி, அதுவரை புரிகிறது. ஆனால் அதற்குச் சற்று முன்னால்தான் பதிவு மேசையில் வடகிழக்குப் பெண்களை ‘விருந்தாளிகள்’ என்று வரவேற்று, சொந்த நாட்டிலேயே அந்நியராக்கி இருப்பார்கள். தெலுங்குக்கும் தமிழுக்கும் என்ன வித்தியாசம் என்று ஆந்திரப் பெண்ணிடம் கேட்பார்கள். இந்தப் பெண்கள் மாநிலத்தை மறந்தாலும் மேசைக்குப் பின்னால் இருக்கிறவர் அவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருப்பார். திருத்த வேண்டிய ஆள் வரிசையில் நிற்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. இந்தப் படத்துக்கு நேகியின் வாழ்க்கையே மூலம் என்று கட்டுரையில் இருக்கிறது. நேகி படத்தின் நடிகைகளுக்கு ஹாக்கி பயிற்சி கொடுத்தவர், அது உண்மை. ஆனால் தனக்குப் பொறி தட்டியது 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் நம் பெண்கள் தங்கம் வென்ற செய்தி என்று கதாசிரியர் ஜெய்தீப் சாஹ்னி சொல்லியிருக்கிறார். இறுதியில் இங்கிலாந்தை 3-2 என்று வென்ற அந்த அணியின் கேப்டன் சூரஜ் லதா தேவி. மணிப்பூர்க்காரர்! நிஜத்தில் அணியை நடத்தியதே ஒரு மணிப்பூர்ப் பெண். சினிமாவில் மணிப்பூருக்கும் மிசோரமுக்கும் கிடைத்தது சில வசனமும் ஒரு சண்டைக் காட்சியும். பாரபட்சத்தைப் பற்றிய படத்திலேயே இப்படி.

சென்னைக்கு வருகிறேன். 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். சச்சின் 136 அடித்தும் கைநழுவிப் போன ஆட்டம். அந்த மாதம்தான் பாகிஸ்தான் இங்கே ஆடக் கூடாது என்று டெல்லி மைதானத்தின் பிட்ச்சையே தோண்டிப் போட்டிருந்தார்கள். இங்கே ரசிகர்கள் சோகத்தோடு சோகமாக எழுந்து நின்று வாசிம் அக்ரம் அணிக்குக் கைதட்டினார்கள். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். இதைச் சொல்லிச் சொல்லியே நாம் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறோம். தூக்கிவிடலாம், தப்பில்லை. ஆனால் அதே நகரத்தில் பார்லரிலும் ஓட்டலிலும் வேலை செய்யும் வடகிழக்குப் பெண்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? கட்டடத்தில் கலவை சுமக்கிறவன், மெட்ரோ வேலைக்கு வந்தவன், யாராக இருந்தாலும் ‘வடக்கன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோமே? ஒரு லீக் ஆட்டத்தில் வெளிமாநிலப் பையன் பந்தைத் தவறவிட்டபோது காலரியிலிருந்து வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. அடுத்த பாதியில் அவனே கோல் அடித்ததும் ‘நம்ம பையன்யா!’ என்று சத்தம் வந்தது. கபீர் கானின் தெரு டெல்லியில் மட்டும் இல்லை.

கோப்பைக்கு எவ்வளவு நாள் ஆயுள் என்பதும் எழும்பூரிலேயே பார்த்ததுதான். படம் வெளிவந்தது 2007 ஆகஸ்ட் 10. அந்த மாத இறுதியில் அங்குள்ள ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆண்கள் ஆசியக் கோப்பை தொடங்கியது. செப்டம்பர் 9 அன்று இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 7-2 என்று துவைத்தெடுத்தோம். அரங்கம் அதிர்ந்தது. கோச் ஜோகிம் கர்வாலோ அன்றைக்கு நாயகன். ஆறே மாதம். 2008 மார்ச்சில் சிலி நாட்டு சான்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, ஒலிம்பிக்குக்கே தகுதி பெறாமல் போனோம்; இந்திய ஆண்கள் ஹாக்கிக்கு முதல் முறை. கர்வாலோ பதவி விலகினார். படத்தைச் சொல்லி ஹாக்கி மறுபடி பிறந்துவிட்டது என்று எழுதியவர்கள் அப்புறம் கண்ணில் படவில்லை.

தமிழ்ப் படங்களைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கலாம். ஆனால் 2014-ல் வந்த ‘ஜீவா’, 2024-ல் வந்த ‘ப்ளூ ஸ்டார்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அவருடைய முடிவு மாறியிருக்கும். முதலாவது, மாநில அணித் தேர்விலேயே சாதி எப்படி வேலை செய்கிறது என்று பேசுகிறது. இரண்டாவது அரக்கோணத்தின் இரண்டு கிரிக்கெட் டீம்களைப் பற்றியது. அங்கே தேசியக் கொடியும் இல்லை, பாகிஸ்தானும் இல்லை. களத்தில் இறங்குவதற்கு முன்னால், யாரை இறங்க விடுகிறோம் என்பதிலேயே இந்தப் படங்களின் கதை தொடங்கிவிடுகிறது. தேசப் பெருமைப் படங்கள் பொதுவாக இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடும்.

கடைசியாக ஒரு திருத்தம். படத்தில் பெண்கள் அணி ஆண்கள் அணியோடு மோதி ஜெயிப்பதாகக் கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. ஜெயிக்கவில்லை, தோற்கிறார்கள். தோற்ற பிறகுதான் ஆண்கள் ஸ்டிக்கை உயர்த்தி மரியாதை செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொன்ன அதிகாரியும் மனம் மாறுகிறார். மொத்தப் படத்திலும் தோற்றவர்களுக்கு மரியாதை கிடைக்கும் காட்சி அது ஒன்றுதான். அதையும் வெற்றியாக மாற்றி எழுதிவிட்டால் எப்படி? அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு ஹாக்கி ரசிகர்,
பெரம்பூர், சென்னை.