சனசமூக நிலையச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

வாசிகசாலைக் கூரை திருத்தியது, சிரமதானம், முன்பள்ளி விளையாட்டு விழா எல்லாம் நீங்களே கூட நின்று செய்தவை. திரும்ப வாசித்து நேரத்தைப் போக்கவில்லை. இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டதும், சிலருக்குக் கோபம் வரவைத்ததும் போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், நடத்திய சட்ட விளக்கக் கூட்டங்கள்தான். நீதிமன்றம் இல்லாத நாள் என்பதால் சட்டத்தரணிகளும் வரச் சம்மதித்தார்கள்.

முதற்கூட்டத்திலேயே கடற்றொழில் செய்யும் எமது அங்கத்தவர் ஒருவர் எழும்பிக் கேட்டார்: “ஐயா, போதைத்தூளோட பிடிபட்டவனுக்கும் நீங்கள்தானே பேசுறீங்கள்? அந்தக் காசு கசக்காதோ?” மண்டபம் சிரித்தது. சட்டத்தரணி கோபிக்கவில்லை. “அண்ணை, நாளைக்கு உங்கட வலை தடைசெய்த வலை எண்டு வழக்கு வந்தா? ஊர் இதே கேள்வியைக் கேக்குது எண்டு நான் விட்டிட்டுப் போகலாமோ?” பிறகு வாக்குவாதம் முற்றி, ஊற்றிய தேநீரை ஒருவரும் தொடவில்லை.

அரசாங்கங்கள் சட்டத்தரணிகளை நெருக்குவது பெரும்பாலும் இந்தக் கேள்வியின் தயவில்தான் என்பது என் எண்ணம். வழக்கை ஒப்படைக்கும் கட்சிக்காரனும் சட்டத்தரணியும் ஒன்று என்று ஊரே நம்பினால், சட்டத்தரணியைப் பிடிக்கும்போது கேட்க யார் இருக்கிறார்கள்? அப்படி ஒன்றாகப் பார்க்கக்கூடாது என்பதை 1990 இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட, சட்டத்தரணிகளின் பங்கு பற்றிய ஐ.நா. அடிப்படைக் கொள்கைகளின் 18 ஆவது வாசகம் சொல்கிறது. மிரட்டலோ இடையூறோ இல்லாமல் தொழில் செய்ய அரசு வழிவிட வேண்டும் என்பது 16 ஆவது.

நம் நாட்டு உதாரணத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா 2020 ஏப்ரலில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, 2022 பெப்ரவரியில்தான் பிணையில் வந்தார். தன் சட்டத்தரணியோடு தனியாகப் பேச அவருக்கே ஆரம்பத்தில் இடமிருக்கவில்லை. அந்தச் சட்டத்தின்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்படலாம். அந்த அறையில் சட்டத்தரணி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று திருகோணமலையில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

சட்டத்தரணியைப் பதிவதும் நீக்குவதும் நாட்டின் அதியுச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம், அமைச்சரல்ல என்பது பலருக்குப் புதிதாக இருந்தது. சட்டத்தொழிலைப் பாதுகாக்க ஐரோப்பிய மன்றம் கொண்டுவந்த உடன்படிக்கை 2025 மே மாதம் கையொப்பத்துக்குத் திறக்கப்பட்டதையும் பேசினோம். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளும் சேர வழியுண்டு. நம்மவர்கள் அவசரப்படுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்குப் பிறகு ஒருவர் வந்து, யார் யார் வந்தார்கள் என்று விசாரித்தார். பெயர்ப்பட்டியலைக் கொடுக்கவில்லை. ஆனாலும் அடுத்த கூட்டத்தில் கதிரைகள் மிஞ்சின. வராதவர்களில் நான் குறை காணவில்லை.

வரும் ஆண்டிலும் கூட்டங்களைத் தொடர்வதா என்பதைப் பொதுச்சபை இன்று தீர்மானிக்க வேண்டும். தொடர்வதென்றால், மேற்சொன்ன 16, 18 ஆவது வாசகங்களோடு, கட்சிக்காரர் சட்டத்தரணியிடம் சொல்வதன் இரகசியம் பற்றிய 22 ஆவது வாசகத்தையும் தமிழில் அடித்து அறிவித்தல் பலகையில் போட நிர்வாக சபை பிரேரிக்கிறது. ஒலிவாங்கியையும் திருத்த வேண்டும், அது என்ன செலவு என்பதைக் கணக்கறிக்கையோடு பொருளாளர் சொல்வார்.