அக்கா, சாவியை அந்த ஆணியில் மாட்டாதே

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்லியிருக்க வேண்டும். மாமா பக்கத்தில் இருந்ததால் வாய் வரவில்லை. உன்னைப் போல இன்னும் எத்தனையோ வீடுகளில் சாவி இப்படித்தான் தொங்குகிறது என்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

தயிர் வாங்கி வரச் சொன்னாய். பையன் ஆணியில் இருந்த ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். ஹெல்மெட்டைத் தொடவே இல்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்தியபோது அவன் கால்விரல் நுனிதான் தரையில் பட்டது. தண்ணீர் லாரி ஒன்று உரசுகிற மாதிரி போனது. அந்த நேரத்தில் ஒரு கையை விட்டுவிட்டு நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நீயோ, "இந்தா இருக்கிற கடைக்குத்தானே, எல்லாப் பிள்ளைகளும்தான் ஓட்டுது" என்றாய்.

அவனுக்கு 15 வயது. 16 முடிந்தால்கூட 50 சிசிக்குள் இருக்கும் வண்டிக்குத்தான் உரிமம் கிடைக்கும். உன் வண்டி 110 சிசி. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோதான் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது. நீ சம்மதித்துத்தான் வண்டியைக் கொடுத்தாய் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரியாது, தடுக்க முடிந்ததையெல்லாம் செய்தேன் என்றால், அதை நீதான் நிரூபிக்க வேண்டும். ஹாலில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி சாவியை மாட்டி வைத்துவிட்டு எப்படி நிரூபிப்பாய்? வண்டியின் பதிவுச் சான்றில் (ஆர்.சி.) இருப்பது உன் பெயர். இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நினைக்காதே. உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்தான பல வழக்குகளில், இழப்பீட்டைக் கம்பெனி கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாகியிருக்கிறது.

சரி, சிறையையும் பணத்தையும் விடு. கோலம் போட்டுக்கொண்டிருக்கும் எதிர்வீட்டுப் பாட்டி மேல் அவன் மோதிவிட்டால்? அந்தப் பாரத்தை 15 வயதுப் பிள்ளை ஆயுசுக்கும் சுமப்பான். அவன் கையில் அதை வைத்தது நாம்தான்.

நாம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். போன பொங்கல் லீவில் மைதானத்தில் அவனுக்கு ஆக்ஸிலேட்டர் திருகக் கற்றுக்கொடுத்தவன் நான். "சூப்பர்டா" என்று கைதட்டியவனும் நானே. எந்தச் சட்டமும் என்னைத் தேடி வராது. ஆனால் அன்று லாரி போன நொடியில் முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கைதட்டல்தான்.

சனிக்கிழமை வருகிறேன். அவனிடம் நானே பேசுகிறேன், தப்பு என்னுடையது என்றும் சொல்கிறேன். அதற்குள் சாவியை எடுத்து உன் பீரோவில் பூட்டி வை. மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் சைக்கிளுக்கு டியூப் வாங்கி வருகிறேன்.

உன் தம்பி