நம் பெயரில் ஒரு பதிவேடு: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

ராமநாதபுரம் கடற்கரையில் பாசி எடுக்கும், கருவாடு போடும், மீன் விற்கும் பெண்களான நம் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியம்மாமார், அக்காமார், தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். மண்டபம், பாம்பன் பக்கமிருந்தும் கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கமிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்களில் கடற்பாசி எடுக்கப் போகிறவர்கள் யாரும் கரையில் இருப்பதில்லை. அதனால் கூட்டத்தை அட்டமி, நவமிப் பக்கம் மாற்றி வைத்தோம். அப்புறம்தான் வருகை கூடியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது கருவாட்டு வேலையும் சுருங்கிவிடும். அந்த இரண்டு மாதமும் பேசி முடிய இருட்டிவிட்டது. சந்தா, அவசரக் கடன், திரும்பி வந்த பணம் எல்லாம் பொருளாளரின் கணக்கில் வரும்.

கூட்டத்தின் தொடக்கத்தில் ஏதாவது வாசிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் இந்திய மாதர் சங்கத்தின் வரலாற்றை எடுத்து வந்தார்கள். 1917 மே 8 அன்று சென்னை அடையாற்றில் தொடங்கிய சங்கம் அது. அன்னி பெசன்ட் அம்மையார் தலைவர். டோரதி ஜினராஜதாசவும் அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸும் முன்னின்று நடத்தியவர்கள். கசின்ஸ் தன் நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிச் சிறை சென்றவர். நூறு வருடம் தாண்டிய கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஆண்டு நாம் செய்த பெரிய வேலையான பெயர்ப் பதிவேட்டுக்கு வழி காட்டியது அந்தக் கதை என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே பதிவு செய்கிறேன்.

சங்கம் தொடங்கிய அதே ஆண்டு இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தார். பெண்கல்வி பற்றிப் பேச வேண்டும் என்று கசின்ஸ் நேரம் கேட்டார். அரசியல் சீர்திருத்தம் பற்றிய மனு என்றால் மட்டுமே சந்திப்பு என்று பதில் வந்தது. சரி, அப்படியென்றால் வாக்குரிமையையே கேட்போம் என்று மனுவை மாற்றி எழுதினார்கள். 1917 டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு மாண்டேகுவையும் வைஸ்ராய் செம்ஸ்போர்டையும் நேரில் பார்த்து அதைக் கொடுத்தது. சும்மா போய்க் குறை சொல்லிவிட்டு வரவில்லை. எந்தக் கதவு எந்தக் கேள்விக்குத் திறக்கும் என்று விசாரித்துப் போனார்கள். நாம் இத்தனை வருடம் அலுவலகம் அலுவலகமாக நடந்ததில் இதைத்தான் செய்யாமல் இருந்தோம் என்று தலைவி அக்கா அன்றைக்கே சொன்னார்.

மனு கொடுத்ததும் கிடைத்துவிடவில்லை. வாக்குரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழு, இந்தியப் பெண்களுக்கு இன்னும் காலம் வரவில்லை என்று தள்ளிவிட்டது. 1919 சட்டம் முடிவை மாகாண சபைகளிடம் விட்டது. 1921ல் சென்னை மாகாணம்தான் முதலில் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. இதை வாசித்தபோது நம் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும்தான்.

ஆனால் அந்த வாக்கு யாருக்கு? சொத்து உள்ளவர்களுக்கும் வரி கட்டுகிறவர்களுக்கும்தான். பெண்கள் பெயரில் சொத்து எத்தனை வீட்டில் இருந்தது? நம் கரையில் பாசியும் சிப்பியும் பொறுக்கிய, ஓலைப்பாய் முடைந்த பாட்டிமாருக்கு 1921ல் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்து அரசாங்கம் யோசித்தது, சொத்துள்ள ஆணின் மனைவி என்ற தகுதியில் வாக்குத் தருவதை. மாதர் அமைப்புகள் அதை ஏற்கவில்லை. வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு வேண்டும், கணவனை வைத்து எங்களை அளக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தன. வசதியான வீட்டுப் பெண்கள் அதிகம் இருந்த அமைப்புகள் இப்படிக் கேட்டது பெரிய விஷயம் என்பது என் கருத்து. அப்படியும் 1935 சட்டத்தில் மனைவி என்ற தகுதி வரத்தான் செய்தது. எல்லோருக்கும் வாக்கு என்பது அரசியல் சாசனம் வந்தபிறகு, 1951-52 தேர்தலில்தான் நடந்தது. அந்தத் தேர்தலிலும் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது. காரணம், அவர்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் எழுதச் சொன்னார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது. ஆனால் அதைக் கேட்டதும் நம் கூட்டத்தில் சத்தமே இல்லை. நம் பெயரும் பல இடங்களில் அப்படித்தானே இருக்கிறது!

முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பற்றிப் பேசியபோது நேரம் போனதே தெரியவில்லை. நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886ல் பிறந்தவர். 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி மருத்துவரானார். மாதர் சங்கத்தின் முயற்சியில் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு 1927ல் அதன் துணைத் தலைவரானார். 1930ல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டார். ஆதரவற்ற பெண்களுக்காக அவர் நடத்திய அவ்வை இல்லம் அதே ஆண்டில் தொடங்கியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அவர் முயற்சியில் 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. நம் உறுப்பினர்களில் அங்கே சிகிச்சைக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மருத்துவமனையின் பெயரோடு சேர்ந்து வரும் டபிள்யூ.ஐ.ஏ. என்ற எழுத்துகள் இந்த மாதர் சங்கத்தைத்தான் குறிக்கின்றன என்று தெரிந்ததும் ஓர் அக்கா கண்கலங்கிவிட்டார்.

தேவதாசி ஒழிப்பு பற்றி நம்மிடையே இரண்டு கருத்து வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்தில் வாதாடினார். 1947ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தேவதாசிகளில் ஒரு பகுதியினர் அதை எதிர்த்து அன்றைக்கே மனுக் கொடுத்தார்கள். அவர்கள் பேச்சையும் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும் என்று பாசி எடுக்கும் பெண்கள் சொன்னார்கள். அவர்கள் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவை 1986ல் அறிவித்தபோது 21 தீவுகளும் அதற்குள் போய்விட்டன. பாட்டி காலத்திலிருந்து தீவு ஓரத்தில் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். கடலைக் காக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாதத்தில் 12 நாளோடு பாசி எடுப்பதை நிறுத்திக்கொள்வது என்று இந்தக் கரைப் பெண்கள் தாங்களே பேசி முடிவெடுத்தார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015ல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்ததும் இந்தப் பாசித் தொழிலை வைத்துத்தான். நம்மைப் பற்றி எழுதும் விதியை நம்மையும் உட்கார வைத்து எழுதுங்கள் என்பதுதான் நம் கோரிக்கை.

இனி நாம் செய்த வேலை. மாசி மாதம் நம் பெயரில் மீனவர் அட்டை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மனுவோடு போனோம். வீட்டுக்காரர் பெயரில்தான் மீனவர் அட்டை இருக்கிறதே, உங்களுக்குத் தனியாக எதற்கு என்று கேட்டார்கள். கணவர் இறந்துபோன இரண்டு பேரும் அந்த வரிசையில் நின்றார்கள். அன்றைக்குத் திரும்பி வரும்போது பேருந்திலேயே முடிவு செய்ததுதான் நம் பதிவேடு. பாசி எடுப்பவர், கருவாடு போடுபவர், மீன் கூடை சுமப்பவர், ஏலத்தில் வாங்கி விற்பவர் என்று ஒவ்வொருவர் பெயரையும் முதலில் எழுதுகிறோம். அப்புறம் தொழில், எத்தனை வருடமாக, எந்தக் கடற்கரை. கணவர் பெயருக்கு அதில் கட்டம் கிடையாது. கடைசியில் கையெழுத்து. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மாலையில் பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தார்கள். கைரேகை வைக்கலாம் என்றாலும் பல பெரியம்மாமார் பிடிவாதமாக எழுதித்தான் கொடுத்தார்கள். பாறையில் கிழிபடாமல் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் வேலை பார்த்த கைகள் அவை. அந்தப் பக்கங்களை நம் சங்கத்தின் சொத்தாக நினைக்கிறேன்.

எடை விஷயத்தில் இன்னும் தீர்வு வரவில்லை. ஈரப்பாசி என்று சொல்லி வியாபாரிகள் கழிக்கும் அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. சங்கத்துக்குச் சொந்தமாகத் தராசு வாங்குவது பற்றிச் செயற்குழு பேசிக்கொண்டிருக்கிறது. வளமாவூரில் வரும் கடற்பாசிப் பூங்காவில் வேலையும் பயிற்சியும் முதலில் இந்தக் கரைப் பெண்களுக்கு வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறோம்.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறேன். பதிவேட்டின் நகலை மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் எல்லோரும் சேர்ந்து போய்க் கொடுப்பது. அதே கோரிக்கையை அவரவர் ஊர்க் கிராம சபையில் தீர்மானமாக ஏற்ற வைப்பது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் இருக்கும்போது நம் உறுப்பினர்கள் வார்டுக்குப் போட்டியிட முன்வந்தால் சங்கம் கூட நிற்பது. மூன்றாவதைப் பற்றிச் செயற்குழுவில் கருத்து வேறுபாடு இருந்தது. சங்கம் கட்சி அரசியலுக்குள் போய்விடும் என்று பயந்தவர்கள் இங்கே பேசலாம். பேசி முடித்து வாக்கெடுப்பு நடத்துவோம்.

பதிவேட்டில் இன்னும் பெயர் ஏறாதவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வாசல் மேசையில் இருக்கும் பிள்ளைகளிடம் எழுதிக் கொடுங்கள். வர முடியாத பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயரை நாமே எழுதிவிட வேண்டாம். அவர்கள் கையெழுத்து வேண்டும். ஐப்பசிக்குள் நாங்கள் வீட்டுக்கே வருகிறோம். இப்போது வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்