விஷம் வைக்கும் முன் ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சீசன் நெருங்கினால் நீலகிரியில் காட்டேஜ், லாட்ஜ் எல்லாவற்றிலும் வெள்ளையடிக்கிற கையோடு எலிக்கும் கரப்பானுக்கும் மருந்து வைப்பது வழக்கமாகிவிட்டது. இதில் எலி மருந்துதான் பெரிய கவலை. கட்டி கட்டியாக விற்கிற புரோமாடியோலோன் வகை மருந்து எலியை உடனே கொல்வதில்லை, ரத்தத்தை உறைய விடாமல் செய்து சில நாள் கழித்துத்தான் சாகடிக்கும், அதுவரை தள்ளாடித் திரிகிற அந்த எலியைத்தான் ஆந்தையும் பூனையும் சுலபமாகப் பிடித்துத் தின்கின்றன. விஷம் அவற்றின் ஈரலில் போய்ச் சேர்கிறது. நமக்காக எலி பிடிக்கிற ஜீவன்களையே கொன்றுவிட்டு, அடுத்த வருஷம் இன்னும் அதிகமாக மருந்து வாங்குகிறோம்!

எலி உள்ளே வருவது கதகதப்புக்கும் சாப்பாட்டுக்கும்தான். பலகைத் தரை, தகரக் கூரை, அதற்குக் கீழே சீலிங் என்று கட்டிய நம் பழைய வீடுகளில் அதற்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் ஓட்டை போதும். சிங்க் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகிற இடம், கதவின் அடிப்பக்கம், தகரம் தூக்கி நிற்கிற ஓரம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சுவர் ஓட்டையில் கம்பி நாரைத் திணித்துச் சிமென்ட் பூசினால் எலியால் குடைய முடியாது. துணி, தெர்மோகோல் எல்லாம் நிற்காது. ஆனால் பலகைத் தரைக்கு அடியில் காற்றுப் போக வெளிச்சுவரில் விட்டிருக்கும் துவாரங்களை மட்டும் தயவுசெய்து பூசி மூடாதீர்கள், அங்கே சன்னமான கம்பி வலை அடித்தால் போதும். மூடினால் ஈரம் தங்கிப் பலகை மக்கும், கரையான் வரும், அப்புறம் அதற்கு மருந்தடிக்க இன்னொரு ஆள் வருவார். ஏற்கெனவே உள்ளே இருக்கிற எலிக்கு எலிப்பொறி போதும்.

நீலகிரித் தைலம் தெளித்தால் எலி வராது என்று பலரும் சொல்கிறார்கள், வாசனை போனதும் அது திரும்பி வந்துவிடும். கரப்பானுக்கு போரிக் ஆசிட்டைச் சர்க்கரையோடு பிசைந்து, குழந்தைகளுக்கும் செல்லப் பிராணிகளுக்கும் எட்டாத இடுக்குகளில் வைக்கலாம். ஸ்பிரேக்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு மருந்து, மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் அது கொடிய விஷம். குன்னூரில் கழுவிவிடுகிற தண்ணீர் ஓடை வழியே ஆற்றில் கலந்து, கடைசியில் பவானிக்குத்தான் போகிறது.

எலியைக் கூப்பிடுகிற மிச்சச் சாப்பாடுதான் கோத்தகிரிப் பக்கம் கரடியையும் ஊருக்குள் கூப்பிடுகிறது. அதனால் இதை வீட்டுக்காரர் பாடு என்று விட்டுவிட முடியாது. மாநிலம் முழுக்க 2019-ல் வந்த பிளாஸ்டிக் தடையை அதற்குப் பல வருஷம் முன்பே கொண்டுவந்த மாவட்டம் இது. விடுதிகளில் மூடியுள்ள குப்பைத் தொட்டி இருக்கிறதா, கழிவுநீர்க் குழாய்க்கு வலை போட்டிருக்கிறார்களா, சுவர் ஓட்டைகளை அடைத்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகே லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட வேண்டும், அதுவும் அடுத்த சீசனுக்கு முன்பே.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகர் ஒருவர்