எந்த வோல்ட்டேஜ் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர் பக்கத்தில் வந்த மின்சாரக் கணக்குக் கட்டுரையைப் படித்தேன். வோல்ட்டேஜை கரண்டால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் திறன் என்பது சரிதான், 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் வாட்டர் ஹீட்டருக்கு 23 ஓம், 2300 வாட் என்று போட்ட கணக்கிலும் குறை இல்லை. ஆனால் அதோடு கட்டுரையை முடித்துவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம். எந்தப் பொருளின் தடையைக் கேட்கிறோமோ அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே இருக்கும் வோல்ட்டேஜையும், அதே நேரத்தில் அதன் வழியாக ஓடும் கரண்டையும்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி போட்டிருக்கலாம். அது தெரியாத பிள்ளை தேர்வில் மார்க் வாங்கிவிடும், பிளக் ஏன் கருகுகிறது என்று கேட்டால் முழிக்கும்.

அந்தப் பிளக்கையே எடுத்துக்கொள்வோம். அதே ஹீட்டர், பிளக் பின் சாக்கெட்டில் சரியாகப் பிடிக்காமல் லூஸாக இருக்கிறது, பின் தொடும் இடத்தில் அரை ஓம் தடை என்று வையுங்கள். உடனே 230-ஐ அரையால் வகுத்து 460 ஆம்பியர் என்று எழுதத்தான் கை போகும். அங்கே 230 வோல்ட் கிடையாது! ஹீட்டரும் அந்த லூஸ் கனெக்‌ஷனும் தொடர் இணைப்பில், அதாவது ஒரே கரண்ட் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டின் வழியாகவும் ஓடும்படி இருக்கின்றன, மொத்தத் தடை 23.5 ஓம், கரண்ட் 9.8 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு, பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே விழுவது 5 வோல்ட்கூட இல்லை. இரண்டையும் பெருக்கினால் சுமார் 48 வாட். 2300-க்கு முன்னால் இது ஒன்றுமில்லை என்று தோன்றும், ஆனால் ஹீட்டரின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது, இந்த 48 வாட்டோ விரல் நுனி அளவு உலோகத்திலேயே தங்குகிறது. சின்ன வேலைகளுக்கான சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், அதுவே ஈயத்தை உருக்கிவிடும். ஃபியூஸ் காப்பாற்றும் என்றும் இருக்க முடியாது, ஏனென்றால் கரண்ட் கூடவே இல்லை, சற்றுக் குறைந்திருக்கிறது.

அப்புறம் குண்டு பல்பு. 100 வாட் பல்பை அணைத்துக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 40 ஓம் பக்கம் காட்டும். 230 வோல்ட்டை அதால் வகுத்துக் கரண்டை எடுத்து, அதை மறுபடி 230-ஆல் பெருக்கினால் 1300 வாட்டுக்கு மேல் வருகிறது. மீட்டர் பழுது இல்லை, எரியும்போது டங்ஸ்டன் இழை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகி, தடை பத்து மடங்குக்கு மேல் ஏறி 529 ஓம் ஆகிவிடுகிறது. எரியும்போது அளந்த வோல்ட்டேஜும் கரண்டும்தான் கணக்குக்குச் செல்லுபடியாகும். (மோட்டாரில் வெறுமனே பெருக்கினால் வாட் கூடுதலாக வரும், அங்கே பவர் ஃபேக்டர் என்ற, ஒன்றுக்குக் குறைவான எண்ணாலும் பெருக்க வேண்டும், அதைத் தனியாகவே எழுதலாம்.)

வோல்ட்டேஜ், கரண்ட், தடை மூன்றையும் இணைத்து ஜெர்மன் இயற்பியலாளர் ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதிக்குப் பின்னால் இதே கவனம்தான் இருந்தது. அன்றைய பேட்டரிகளின் வோல்ட்டேஜ் நிலையாக நிற்காததால், பிஸ்மத்தும் செம்பும் சேர்த்த இணைப்பின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான வோல்ட்டேஜை உண்டாக்கிக்கொண்டு அளந்தார். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் விதி மனதில் நிற்கும்.

அடுத்த வாரம் இரண்டு ரெசிஸ்டரை (தடை தரும் சிறு பாகம்) தொடராக இணைத்த படம் ஒன்று போட்டு, மீட்டரின் முனைகளை எங்கெங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள். வீட்டு மின்சாரத்தில் யாரும் கைவைக்க வேண்டாம், 9 வோல்ட் பேட்டரி ஒன்று போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்