மாண்டூ வீக்கம் எதைச் சொல்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் அண்மையில் வந்த கேள்வி-பதில் ஒன்றில், காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கக் கைத்தோலில் போடும் மாண்டூ ஊசியின் இடம் வீங்கினால் காசநோய் உண்டு, வீங்காவிட்டால் இல்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். மருத்துவ ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த வரியின் இரண்டு பாதிகளுமே தவறு என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

செந்தூலில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் தாதிமைப் பயிற்சியில் சேர்வதற்காக இந்த ஊசியைப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் கை வீங்கியதும், அவள் தண்ணீர் குடிக்கும் கோப்பையைப் பாட்டி தனியாக எடுத்து வைத்துவிட்டார். என்னிடம் கையை நீட்டியபோது சிவப்பு அகலமாகப் படர்ந்திருந்தது. ஆனால் அளக்க வேண்டியது சிவப்பை அன்று, தோலுக்கடியில் கெட்டிப்பட்டிருக்கும் மேட்டை. பேனாவை மெல்ல மேட்டை நோக்கி இழுத்தால், கெட்டியான இடத்தில் அது தடுத்து நிற்கும். இருபுறமும் அவ்வாறு கோடிட்டு அளந்ததில் 12 மில்லிமீட்டர் இருந்தது.

அந்த மேட்டுக்குள் உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை. ஊசியில் இருப்பது காசநோய் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த புரதம் மட்டுமே. (1890இல் ராபர்ட் கோக் இதன் முன்னோடியை மருந்தென்று அறிவித்துத் தோற்றுப்போனார், மருந்தாகாதது சோதனையாக நிலைத்துவிட்டது.) நம் இரத்தத்திலுள்ள டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களுக்கு இந்தப் புரதத்தை நேரடியாகப் பார்க்கத் தெரியாது. தோலிலுள்ள வேறு செல்கள் அதை விழுங்கி, துண்டுகளாக நறுக்கி, எச்.எல்.ஏ. என்னும் தாங்கியில் வைத்து நீட்ட வேண்டும். அந்தத் துண்டுக்குப் பொருந்தும் ஏற்பியை (செல்லின் மேலுள்ள, பற்றிக்கொள்ளும் புரதத்தை) உடைய டி செல் மட்டுமே அதைப் பற்றிக்கொள்ளும். முன்பே பழகிய நினைவு டி செல்கள் அங்கே வந்து சேர்ந்து, இன்டர்ஃபெரான் காமா என்னும் சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து, பிற செல்களையும் திரட்ட இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கின்றன. 48 மணி நேரத்திற்கு முன் கையைப் பார்க்காததற்குக் காரணம் இதுவே.

இந்தப் பழக்கம் முதலில் எப்படி உண்டாகிறது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. வெறும் புரதத்துண்டை நீட்டினால் புதிய டி செல் பெரும்பாலும் எழுவதில்லை. உயிருள்ள பாக்டீரியா உள்ளே வரும்போது, அதன் உறையிலுள்ள கொழுப்புப்புரதங்களை துண்டுகளை நீட்டிக் காட்டும் டென்ட்ரிடிக் செல்லின் மேலிருக்கும் டோல் வகை ஏற்பி, குறிப்பாக டி.எல்.ஆர்.2, கண்டுகொள்கிறது. அதன் பிறகே அந்தச் செல் துணைச் சமிக்ஞை தரும் மூலக்கூறுகளை வெளியே காட்டி, இன்டர்லூக்கின்-12 என்னும் இன்னொரு சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து, டி செல்லை எழுப்புகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் விளைவு கடுமையாக இருக்கும்: இன்டர்ஃபெரான் காமாவின் ஏற்பி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கு, மற்றவர்களுக்குத் தீங்கு செய்யாத, வலுவிழந்த உயிருள்ள கிருமியாலான பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியே நோயாகிவிடும் என்பதை 1996இல் ஆய்வாளர்கள் காட்டினர்.

நம் மலேசியாவில் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுகிறோம். அதிலும் இந்த ஊசியிலும் பொதுவான புரதங்கள் இருப்பதால், தடுப்பூசி பெற்றவர் கையும் வீங்கலாம். அதன் தடம் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்வதால், பெரியவர்களின் வீக்கம் அனைத்தையும் பி.சி.ஜி.யின் தலையில் கட்டிவிடவும் முடியாது. ஐயம் தீர இரத்தச் சோதனை ஒன்று இருக்கிறது. பி.சி.ஜி.யை உருவாக்கிய கால்மெத்தும் கெரானும் 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்ததில் தடுப்பூசிக் கிருமி இழந்துவிட்ட ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 ஆகிய புரதங்களை இரத்தத்தோடு கலந்து, டி செல்கள் இன்டர்ஃபெரானைச் சுரக்கின்றனவா என்று அதில் பார்ப்பார்கள். அதுவும் கிருமி தொற்றியதைத்தான் சொல்லும், நோய் மூண்டிருப்பதை அன்று. கிருமி தொற்றியவர்களில் ஏறக்குறைய 5 முதல் 10 விழுக்காட்டினரே வாழ்நாளில் நோயாளியாகின்றனர்.

மறுபாதித் தவறுதான் ஆபத்தானது. எச்.ஐ.வி. முற்றியவர்கள், உடல் வற்றியவர்கள், ஏன், கடுமையான காசநோயே பிடித்தவர்கள்கூட டி செல்கள் சோர்ந்திருப்பதால் கை வீங்காமல் போகலாம். வாரக்கணக்காக இருமுகிறவர் அந்த வரியை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன ஆகும்?

பக்கத்து வீட்டுப் பெண்ணின் மார்பு எக்ஸ்ரேயில் குறையொன்றும் இல்லை. இரத்தச் சோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறாள். கோப்பை இன்னும் தனியாகத்தான் இருக்கிறது. பாட்டி தங்கள் நாளிதழைத் தவறாமல் படிப்பவர்; ஆகவே திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர்,
செந்தூல், கோலாலம்பூர்.