ஸ்காபரோ கூட்டத்துக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி

அன்புடையீர்,

வைத்தியர் உதவியுடன் உயிரை முடித்துக்கொள்வதை எதிர்த்து ஓர் உரை என்று அழைப்பிதழில் போட்டதுமே, வழக்கமாக வருகிறவர்களும் வராமல் விடப்போகிறார்கள் என்று எங்கள் செயற்குழுவில் சிலர் முணுமுணுத்தார்கள். குளிர்காலச் சனிக்கிழமை மாலையில் சாவைப் பற்றிக் கேட்க ஸ்காபரோவில் யார் வருவார்கள்? நீங்கள் வந்தீர்கள். கதிரை போதாமல் சுவரோரம் நின்றும் கேட்டீர்கள். அந்தக் கூட்டத்துக்குத் துணைநின்ற எல்லோருக்கும் எங்கள் சேவைக் கழகத்தின் நன்றி.

முதல் நன்றி, உரையாற்றிய ஓய்வுபெற்ற தாதி அம்மாவுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை. மதத்தை இழுக்காமலும் எவரையும் பாவி ஆக்காமலும் பேசினாரே, அதற்கே தனியாகச் சொல்ல வேண்டும். வைத்தியர் உதவியுடன் சாவதை அனுமதிக்கும் இந்தச் சட்டம் 2016இல் கனடா முழுவதற்கும் வந்தபோது, இயற்கைச் சாவு எதிர்பார்க்கத்தக்க நிலையில் உள்ளவர்களுக்கு என்றுதான் எல்லை போட்டார்கள். 2021இல் அந்த எல்லை போனது. தீராத நோயோ உடற்குறையோ உள்ளவர், சாவு அண்மையில் இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. மனநோய் மட்டுமே உள்ளவர்களுக்கான அனுமதியை 2027 மார்ச் 17 வரை தள்ளிவைத்திருக்கிறார்கள். 2023இல் மட்டும் இப்படி இறந்தவர்கள் 15,343 பேர்; நாட்டின் மொத்தச் சாவுகளில் 4.7 சதவீதம்.

"சாவு நெருங்காத ஒருவரின் விண்ணப்பத்தை ஆராயச் சட்டம் விதித்திருக்கும் குறைந்த காலம் 90 நாள். சக்கர நாற்காலி நுழையக்கூடிய மலிவு வாடகை வீட்டுக்கு இந்த நகரத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எது முதலில் கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்" என்றார் அவர். சாவு நெருங்காதவர்களுக்கென்று திறந்த இந்த இரண்டாம் வழியை நீக்குமாறு ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு 2025 மார்ச்சில் கனடாவுக்குப் பரிந்துரைத்ததையும் எடுத்துச் சொன்னார். நம் வானொலிகளில் இதைப் பற்றி ஒரு கலந்துரையாடலும் என் காதில் விழவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இந்தச் சட்டத்தைவிடப் பெரிய பயம், நோவு தணிக்கும் மோர்பின் மருந்தின் மீது. ஊசியில்லாத ஒரு சிறிய சிரிஞ்சில் தண்ணீரை எடுத்து, வாயோரம் விடும் முதல் அளவு இவ்வளவுதான் என்று அவர் தூக்கிக் காட்டினார். பின்வரிசைக்குத் தெரியவில்லை, எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நோவு தணிய அளவறிந்து கொடுக்கும் மருந்து ஆளை முடிப்பதற்கல்ல. செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்பதும் தற்கொலை அல்ல. இவற்றையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, 'மோர்பின் கொடுத்தால் கதை முடிந்தது' என்று தடுத்து, பெற்றோரைக் கடைசி வாரங்களில் துடிக்க விட்ட குடும்பங்கள் பலவற்றைத் தாம் கண்டதாகச் சொன்னார். நோவு தணிக்கும் பராமரிப்புக்கு 1975இலேயே மொன்றியல் றோயல் விக்டோரியா வைத்தியசாலையில் தனிப்பிரிவு திறந்த நாடு இது. அதைக் கேட்டு வாங்கத்தான் நமக்குத் தெரியவில்லை.

அடுத்த நன்றி, உரைக்கு மறுப்புச் சொன்ன அண்ணருக்கு. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோயில் மைத்துனர் பட்ட பாட்டையும், இந்த வழியை அவர் தாமே தெரிந்தெடுத்ததையும் குரல் உடையாமல் சொன்னீர்கள். என் கருத்து மாறவில்லை. ஆனால் உங்கள் மைத்துனரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாயில்லை. எழுந்து போகாமல் கடைசிவரை இருந்தீர்களே, அதற்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

"பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேன் என்று சொன்னால், அதையும் ஒரு காரணமாக எழுதிக்கொள்வார்களா?" என்று கேட்ட ஆச்சிக்கும் நன்றி. எழுதிக்கொள்கிறார்கள், ஆச்சி. அரசின் ஆண்டறிக்கையிலேயே, இப்படி இறந்தவர்களில் தங்கள் வேதனைகளில் ஒன்றாக அதைச் சொன்னவர்கள் பாதிக்கு நெருங்கிய அளவில் இருக்கிறார்கள். அந்த இரவில் எனக்கு நித்திரையைக் கெடுத்தது இந்தப் பதில்தான். நம் வீடுகளில் அந்தப் பேச்சை எத்தனை தரம் கேட்டும் கேளாதது போல் இருந்திருப்போம்!

மண்டபத்தை வாடகையின்றித் தந்த ஆலய நிர்வாகத்தினருக்கும், சக்கர நாற்காலியில் வந்தவர்கள் பேச வசதியாக ஒலிவாங்கியைத் தாழ்த்திக் கட்டிய இளைஞர்களுக்கும், நடமாட முடியாதவர்களை ஏற்றிச்செல்லும் நகரச் சேவையான வீல்-ட்ரான்ஸ் வண்டி பிந்தியபோது முதியவர்களைத் தங்கள் காரில் ஏற்றிவந்த அன்பர்களுக்கும் நன்றி. மனம் உடைந்தவர்கள் அழைக்க வேண்டிய 9-8-8 இலக்கத்தைத் தமிழ் விளக்கத்தோடு அச்சிட்டுத் தந்த மாணவிக்குத் தனி நன்றி. அந்தச் சேவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலுமே நடப்பதால், முதியவர் அழைக்கும்போது பக்கத்தில் ஒரு பேரப்பிள்ளை இருப்பது நல்லது என்று அடிக்குறிப்புப் போட்டதும் அவர்தான். தேநீரும் சிற்றுண்டியும் தந்த சகோதரிகளே, ஒன்றும் மிஞ்சவில்லை. மட்டன் றோல்ஸ் எங்கே என்று கேட்டவர்களுக்கு: அது கோயில் மண்டபம்.

அடுத்த மாதக் கூட்டத்தில், நாம் பேச முடியாத நிலைக்கு வந்தால் நமக்காகச் சிகிச்சை முடிவுகளை எடுப்பவரை நியமிக்கும் பத்திரத்தைப் பற்றி ஒரு சட்டத்தரணி விளக்குவார். அந்தப் பத்திரம் வைத்திருப்பவர்கூட, உங்களுக்குப் பதிலாக வைத்தியர் உதவியுடனான சாவைக் கேட்க முடியாது என்பதையும் அவரிடமே கேட்டுத் தெளியலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதே மண்டபம், அதே மரக்கறி றோல்ஸ்.

அன்புடன்,
கழகச் செயலாளர்
ஸ்காபரோ, ஒன்ராறியோ